விளம்பர யோசனைகளும் சோதித்தறிதலும்

முன்னுரை

பெங்களூரில் தமிழர் வணிகம் செய்த வரலாறு நீண்டது. 1809-இல் இங்கே கண்டோன்மெண்ட் அமைந்தபோது படையோடு வணிகரும் கைத்தொழிலாளரும் வந்து சேர்ந்தனர். அவர்கள் வழிவந்தோரும், பின்னாளில் வேலை தேடி வந்தோரும் இன்று நகரமெங்கும் பரவி வாழ்கிறோம். நான் குடியிருக்கும் ஆஸ்டின் டவுனும் அப்படித் தமிழ் ஒலிக்கும் பகுதிகளில் ஒன்று. கன்னட அகராதி தொகுத்த கிட்டல் பெயரால் எஃப். கிட்டல் நகர் என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் ஆட்டோக்காரரிடம் "கிட்டல் நகர் போகணும்" என்று சொல்லிப் பாருங்கள். திருதிருவென்று விழிப்பார். "ஆஸ்டின் டவுன்" என்றால்தான் வண்டி கிளம்பும். ஏட்டில் உள்ளது வேறு, தெருவில் நடப்பது வேறு என்பதற்கு எங்கள் பேட்டையின் பெயரே சாட்சி.

வணிகத்திலும் இதே நிலைதான். கணக்கு எழுதுவதே தொழிலாக இருந்தவன் என்பதால், ஓய்வுபெற்ற பின்னும் அக்கம்பக்கத்தில் சிறுதொழில் செய்பவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் வருவதுண்டு. வீட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்பவர், தையல் கடை வைத்திருப்பவர், டியூஷன் எடுப்பவர், டிபன் கட்டிக் கொடுப்பவர் என்று பலதரப்பட்டவர்கள். எல்லோரும் கொண்டுவரும் கேள்வி ஒன்றுதான்: "இங்கிலீஷ்ல போர்டு வைக்கச் சொல்றாங்க, பத்து பர்சென்ட் தள்ளுபடி போடச் சொல்றாங்க, தினமும் வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் வைக்கச் சொல்றாங்க. செய்யலாமா சார்?"

செய்யலாமா கூடாதா என்று நான் சொல்வதில்லை. நான் சொன்னால் அதுவும் இன்னொரு யோசனையாகத்தான் இருக்கும். நகையை வைத்து வாங்கிய பணத்தில் ஐயாயிரம் நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் ஐந்நூறு அடித்துப் பாருங்கள், பலனை எண்ணுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். அப்படி எண்ணிப் பார்ப்பது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலூர் தந்த பாடம்

நமக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குவோம். ஒரு காலத்தில் ஷாம்பு என்பது பாட்டிலில் வரும் பொருள். வசதியுள்ள நகரத்துக் குடும்பங்கள் வாங்குவது. கிராமத்தில் சீயக்காயும் அரப்பும்தான். கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் வேறு மாதிரி எண்ணினார். பணக்காரர் வாங்கும் பொருளைக் கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்கக்கூடிய அளவில் கட்டித் தர வேண்டும் என்பது அவர் கருத்து. டால்கம் பவுடரையும் எப்சம் சால்ட்டையும் சிறுசிறு பாக்கெட்டுகளில் போட்டு விற்றவர் அவர்.

அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து வந்து, 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். தந்தையின் பெயரிலிருந்து பிறந்ததே 'சிக்' என்னும் பெயர். அந்த நிறுவனம்தான் 1998-இல் கவின்கேர் ஆயிற்று. 'கவின்' என்றால் அழகு என்று நம் பிள்ளைகளுக்கும் சொல்லித் தரலாம்.

இவர் சந்தைப்படுத்திய முறையைக் கவனியுங்கள். முதலில், எந்த ஷாம்புவின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் சரி, ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார். பின்னர் அந்தத் திட்டத்தைத் திருத்தி, சிக் காலிப் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால்தான் இலவசம் என்று மாற்றினார். மக்கள் கடையில் "சிக் கொடுங்க" என்று பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கினர். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமாக உயர்ந்தது என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்ததும் மாதம் 30 லட்சம். நடிகை அமலா விளம்பரத்தில் தோன்றியபின் மாதம் ஒரு கோடி.

கிராமங்களிலும் வெறும் விளம்பரம் செய்து விட்டுவிடவில்லை. ஒரு பையனை நிறுத்தி, எல்லோர் முன்னாலும் அவன் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, "தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க" என்று காட்டினார்கள். ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு, இடையில் விளம்பரம் காட்டி, முடிவில் பாக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் அந்தப் பகுதி விற்பனை மூன்று நான்கு மடங்கு உயர்ந்ததாகவும் அவர் கூறியுள்ளார். அதாவது, காட்சிக்குப் பின் என்ன நடந்தது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் "சின்னப் பாக்கெட்டில் போடு, விற்கும்" என்ற ஒரு வரியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது கிடைத்த விடை. அந்த விடைக்கு அவர் வந்து சேர்ந்த வழியில்தான் பாடம் இருக்கிறது: ஒன்றைச் செய்தார், பலனைப் பார்த்தார், திருத்தினார், மறுபடியும் பார்த்தார்.

வெற்றி பெற்ற வழி எல்லா ஊருக்கும் பொருந்துமா?

இதற்கு நேர்மாறான அனுபவம் 1994-இல் இந்தியாவுக்கு வந்த கெல்லாக்ஸ் நிறுவனத்துடையது. அமெரிக்காவிலும் பல நாடுகளிலும் காலை உணவாகச் சோள அவல் விற்றுப் பேர் பெற்ற பெரிய நிறுவனம் அது. பணத்துக்கோ நிபுணருக்கோ குறைவில்லை. ஆனால் அந்தச் சோள அவல் குளிர்ந்த பாலுக்கு ஏற்றபடி செய்தது. நம் வீடுகளிலோ காலையில் பாலைக் காய்ச்சிச் சூடாகத்தான் குடிப்போம். சூடான பால் பட்டதும் மொறுமொறுப்புப் போய்க் கூழாகிவிட்டது. விலையும் அதிகம். இட்லி, தோசை, பராத்தா சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அது ஒரு வேளைச் சாப்பாடாகவும் தோன்றவில்லை. தொடக்க ஆண்டுகளில் அந்நிறுவனம் எதிர்பார்த்த விற்பனை கிடைக்கவில்லை. பிறகு விலையையும் பாக்கெட் அளவையும் விளம்பரத்தையும் இந்நாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டுதான் காலூன்றியது.

நல்ல யோசனைகள் ஏன் இப்படிப் பொய்க்கின்றன? முதல் காரணம், யோசனை பிறந்த இடமும் நாம் நிற்கும் இடமும் வேறு. இரண்டாவது, வென்றவர்கள் மட்டுமே மேடையேறிப் பேசுகிறார்கள். அதே வழியில் போய்க் கடையை மூடியவரை யாரும் அழைத்துப் பேட்டி எடுப்பதில்லை. பத்துப் பேர் ஒரே வழியில் சென்று ஒன்பது பேர் தோற்றாலும், நம் காதில் விழுவது ஒருவர் குரல்தான். மூன்றாவது, வென்றவருக்கே எதனால் வென்றோம் என்று உறுதியாகத் தெரியாமல் இருக்கலாம். சிக் கதையிலும், ஷாம்பு போடும் பழக்கம் அக்காலத்தில் பரவிக்கொண்டே வந்தது. உயர்ந்த விற்பனையில் திட்டத்தின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று முன்–பின் கணக்கை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

நிபுணர்களின் கணிப்பும் அடிக்கடி தவறுகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பிங் தேடுபொறியில் விளம்பரத் தலைப்பைக் காட்டும் விதத்தில் ஒரு சிறு மாற்றத்தை ஊழியர் ஒருவர் முன்மொழிந்தார். மேலதிகாரிகள் அதற்கு முக்கியத்துவம் தரவில்லை. பல மாதம் கிடப்பில் கிடந்தது. 2012-இல் சோதித்துப் பார்த்தபோது வருவாய் 12 சதவிகிதம் உயர்ந்தது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல்! அதே நிறுவனத்தில் சோதிக்கப்பட்ட யோசனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பலன் தந்தது, ஒரு பங்கு ஒன்றும் செய்யவில்லை, ஒரு பங்கு கெடுதலே செய்தது என்று அங்கே சோதனைகளை நடத்திய ரான் கோஹாவி எழுதியிருக்கிறார். அவ்வளவு படித்தவர்களின் யோசனைகளுக்கே இந்தக் கதி என்றால், நமக்குக் கடைத்தெருவில் கிடைக்கும் யோசனையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கூப்பன் எண்ணிய முன்னோடி

சோதித்துப் பார்க்க கம்ப்யூட்டர் வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923-இல் 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்' என்ற சிறு நூலை வெளியிட்டார். அவர் கையாண்ட முறை எளியது. பத்திரிகை விளம்பரத்தின் மூலையில் வெட்டி அனுப்ப ஒரு கூப்பன் இருக்கும். எந்தப் பத்திரிகை, எந்த விளம்பரம் என்று தெரிய ஒவ்வொரு கூப்பனிலும் ஓர் அடையாளம் இருக்கும். திரும்பி வரும் கூப்பன்களை எண்ணினால் எந்தத் தலைப்பு ஆளை இழுத்தது என்று தெரிந்துவிடும். நாடு முழுவதும் செலவழிக்கும் முன் சில ஊர்களில் மட்டும் முயன்று பார்ப்பார்கள். தோற்றால் இழப்பு சிறியது, வென்றால் துணிந்து பெருக்கலாம்.

நம் தெருவில் ஒரு சோதனை

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். ஆஸ்டின் டவுனில் ஓர் அம்மா முறுக்கும் தட்டையும் செய்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "பிட் நோட்டீஸை இங்கிலீஷிலும் கன்னடத்திலும் அடியுங்க, தமிழ்ல அடிச்சா விற்காது" என்கிறார் ஒருவர். "நம்ம ஜனங்கதானே வாங்குறாங்க, தமிழ்லயே அடிங்க" என்கிறார் மற்றவர். யார் சொல்வது சரி? நீலசந்திராவுக்கு ஒரு விடை, ரிச்மண்ட் டவுனுக்கு வேறு விடை இருக்கலாம். எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு வகையிலும் ஐந்நூறு ஐந்நூறு அடிக்கட்டும். மொழியைத் தவிர விலை, படம், தாள், நிறம் எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரே நேரத்தில் மொழியையும் மாற்றி விலையையும் மாற்றினால், எதனால் ஆள் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. நோட்டீஸின் அடியில் கிழித்துத் தர ஒரு துண்டு: "இதைக் கொண்டுவந்தால் இரண்டு தட்டை ருசி பார்க்க இலவசம்". மூலையில் ஒன்றில் 1, மற்றதில் 2 என்று சிறிதாக அச்சிட்டால் போதும்.

அடுத்து, யாருக்கு எது போகிறது என்பது. தமிழ் நோட்டீஸை ஒரு தெருவிலும் மற்றதை இன்னொரு தெருவிலும் போடக் கூடாது. தெருவுக்குத் தெரு ஆட்கள் வேறு. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு இது, அடுத்த வீட்டுக்கு அது என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். அதையும் ஒரே நாளில், ஒரே வேளையில் செய்ய வேண்டும். மாத முதல் வாரம் சம்பளக் காலம். கடைசி வாரம் கைப்பிடிப்பு. தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் வந்தால் பலகாரம் தானாகவே விற்கும். விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு வியாழக்கிழமை வரும் கூட்டமே அந்தப் பக்கத்துக் கடைகளின் கணக்கை மாற்றிவிடும். போன மாதம் ஒரு நோட்டீஸ், இந்த மாதம் இன்னொன்று என்று பார்த்தால் நாம் அளப்பது பண்டிகையைத்தானே தவிர நோட்டீஸை இல்லை.

வாட்ஸ்அப்பிலும் இதையே செய்யலாம். வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, முதல் ஆள் ஒரு குழு, இரண்டாம் ஆள் மறு குழு என்று மாற்றி மாற்றிப் பிரியுங்கள். அதே செய்தியை ஒரு குழுவுக்குக் காலையிலும் மறு குழுவுக்கு மாலையிலும் அனுப்பி, வரும் ஆர்டரை நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். இணைய வணிக நிறுவனங்கள் தினமும் செய்வதும் அடிப்படையில் இதுதான். அவர்களிடம் எண்ணிக்கை லட்சக்கணக்கில், நம்மிடம் நூற்றுக்கணக்கில்.

தற்செயலா, உண்மையா?

எண்ணிக்கை சிறியதாக இருப்பதால் ஒரு சிக்கல் வருகிறது. தமிழ்த் துண்டு 21 வந்தது, மற்றது 15 வந்தது என்று வைப்போம். "தமிழ்தான் ஜெயிச்சது!" என்று துள்ளிக் குதித்துவிடலாமா? ஒரே காசைப் பத்துத் தடவை சுண்டினால் ஏழு தலை, மூன்று பூ விழுவதுண்டு. அதற்காகக் காசில் கோளாறு என்று சொல்ல மாட்டோம்.

இதைச் சரியாக எடை போட வழி காட்டியவர் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர். அவருடன் வேலை பார்த்த மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி, கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார். இதை வைத்து ஃபிஷர் ஒரு சோதனை வகுத்தார். அதன் விளக்கம் 1935-இல் வெளிவந்த அவர் நூலில் இருக்கிறது. எட்டுக் கோப்பை, நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசை கலைத்து வைக்கப்படும். சும்மா ஊகித்தே எட்டையும் சரியாகப் பிரித்துவிட எழுபதில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. ஆகவே எட்டும் சரியானால் ஊகம் என்று தள்ள முடியாது.

நம் வீட்டில் காபிக்கு இதைச் செய்து பாருங்களேன். "அந்தக் கடைப் பொடி இல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிடும்" என்று சொல்லும் பெரியவர் எந்த வீட்டில்தான் இல்லை? டிபன் கடை வைத்திருப்பவருக்கு இது விளையாட்டும் இல்லை. விலை கூடிய பொடிக்கு மாறு என்று யாராவது சொன்னால், மாறும் முன்பு குடிப்பவருக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று கண்டுகொள்ளலாம்.

முறுக்குக் கணக்குக்கு வருவோம். இரு பக்கமும் சம எண்ணிக்கையில் நோட்டீஸ் கொடுத்து, திரும்பி வருவது அதில் சிறு பங்காக இருக்கும்போது ஓர் எளிய வழி உண்டு. வந்த துண்டுகளை எல்லாம் கூட்டுங்கள். அதன் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரியதாக இருந்தால் நம்பலாம். 21-உம் 15-உம் கூட்டினால் 36, வர்க்கமூலம் 6, இருமடங்கு 12. வித்தியாசமோ 6 தான். ஆகவே ஒன்றும் முடிவாகவில்லை. மாறாக 44-உம் 20-உம் வந்திருந்தால் கூட்டுத்தொகை 64; வர்க்கமூலம் 8; இருமடங்கு 16. வித்தியாசம் 24. இது தற்செயலாக நடக்க வாய்ப்புக் குறைவு. இரண்டு நோட்டீஸுக்கும் உண்மையில் வேறுபாடே இல்லாதபோது, வித்தியாசம் இந்த எல்லையைத் தாண்டுவது நூற்றில் ஏறக்குறைய ஐந்து தடவைதான்.

"முடிவாகவில்லை" என்பதும் பயனுள்ள விடைதான். இரண்டும் ஏறத்தாழ ஒன்றென்றால், செலவு குறைந்ததை எடுத்துக்கொண்டு போகலாம். அல்லது இன்னும் கொஞ்சம் எண்ணலாம். இரண்டு எச்சரிக்கை மட்டும். எத்தனை நாள் எண்ணுவது என்று தொடங்கும் முன்பே தேதி குறித்துவிடுங்கள். தினமும் எட்டிப் பார்த்து, நமக்குப் பிடித்த பக்கம் முந்தும் நாளில் நிறுத்தினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். இரண்டாவது, இருபது விஷயங்களைச் சோதித்தால் ஒன்றாவது தற்செயலாகவே வென்றதுபோல் காட்டும். எனவே பெரிய செலவு செய்யும் முன் வென்றதை இன்னொரு முறை சோதிப்பது நல்லது.

எதை எண்ணுவது?

கூட்டம் கூடியதா என்று பார்ப்பதோடு நின்றால் கணக்குத் தப்பும். தள்ளுபடியை எடுத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாய்க்கு விற்கும் பாக்கெட்டுக்கு அடக்கம் 70 ரூபாய் என்றால் லாபம் 30. பத்து சதவிகிதம் தள்ளிக் கொடுத்தால் லாபம் 20. பழைய மொத்த லாபத்தை எடுக்கவே ஒன்றரை மடங்கு விற்றாக வேண்டும். விற்பனை கால்வாசி கூடியது என்று மகிழ்கிற வீட்டில், கூடுதலாக மாவு பிசைந்து, அடுப்படியில் வெந்து, கையில் முன்னைவிடக் குறைவாக மிஞ்சுகிறது. அந்த உழைப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. அதற்கு யாரும் கூலி போடுவதில்லை. சோதனை நோட்டில் விற்பனைக்கு ஒரு பத்தி, லாபத்துக்கு ஒரு பத்தி, வேலை நேரத்துக்கு ஒரு பத்தி போடுங்கள். எண்ணாமல் விட்டது பிற்பாடு வந்து நிற்கும். வணிகத்தில் பெருவெற்றி பெற்ற ஷாம்பு பாக்கெட்டுகளே இன்று சாக்கடையை அடைக்கும் பிளாஸ்டிக் குப்பையாகக் கிடப்பதைப் பார்க்கிறோமே!

வந்தவர் திரும்பி வருகிறாரா என்பதையும் எண்ண வேண்டும். இலவசத் தட்டைக்கு வந்தவர் மறுமாதம் காசு கொடுத்து வாங்கினாரா? சிக் திட்டத்தின் இரண்டாம் கட்டம் இதைத்தான் பிடித்தது. சிக் காலிப் பாக்கெட் ஐந்து வேண்டுமென்றால் ஐந்து முறை சிக் வாங்கியிருக்க வேண்டும் அல்லவா?

சோதிக்கக் கூடாதவை

எல்லாவற்றையும் சோதனைக்கு விடக் கூடாது. உணவுச் சுத்தம், உரிமம், எடை, காலாவதித் தேதி ஆகியவற்றில் விதிப்படி நடப்பது ஒன்றே வழி. பொய்யான புகழ்ச்சி ஆளை இழுக்குமா என்றும் சோதிக்க வேண்டாம். இழுக்கத்தான் செய்யும், பிறகு பெயர் போய்விடும். ஒரே பொருளுக்குப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு விலை சொன்னால், தெருக்குழாயடியில் அவர்கள் சந்திக்கும்போது நம் மானம் போகும். விலையைச் சோதிக்க வேண்டுமென்றால் அளவையோ பாக்கெட்டையோ மாற்றி, எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள்.

சின்னச் செலவுக்கெல்லாம் சோதனையும் தேவையில்லை. பெயர்ப்பலகையின் ஓரத்தில் பச்சையா சிவப்பா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் ஏதோ ஒன்றை அடித்துவிட்டுப் போகலாம். கடன் வாங்கிச் செய்யும் செலவு, திரும்பப் பெற முடியாத செலவு, மாதாமாதம் தொடரும் செலவு ஆகிய மூன்றுக்கும் முன்னால் நின்று எண்ணிப் பார்ப்பது போதும்.

முடிவுரை

பிறர் சொல்லும் யோசனையை அலட்சியம் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. எதைச் சோதிக்கலாம் என்பதை அந்த யோசனைகள்தான் நமக்குக் காட்டுகின்றன. யார் சொன்னாலும் அதன் உண்மையைத் தேடிக் காண வேண்டும் என்று 'அறிவுடைமை' அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதை மேடைதோறும் முழங்குகிறோம். அதைக் கடைக் கல்லாப்பெட்டி வரைக்கும் கொண்டுபோனால் என்ன?

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இது இன்னும் அவசியம். சென்னையில் வெளியாகும் யோசனை தமிழ்நாட்டுக் கடைத்தெருவை மனத்தில் வைத்துச் சொன்னது. மும்பையிலிருந்து வருவது வேறொரு கூட்டத்தை வைத்துச் சொன்னது. தமிழும் கன்னடமும் உருதும் ஆங்கிலமும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் ஆஸ்டின் டவுனை மனத்தில் வைத்து யாரும் நமக்கு நூல் எழுதித் தரப்போவதில்லை. நாமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இரண்டு பத்தி பிரித்து, தேதி குறித்து எழுதத் தொடங்க வேண்டியதுதான். வீட்டில் கணக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் வர்க்கமூலத்தை அது பார்த்துக்கொள்ளும்.